ஷூ கடிக்குது, சட்டை பிடிக்குது: பெங்களூருல நம்ம பசங்க கேக்குற கேள்விகளும் பதிலும்

ஊர்ல இருந்து வேலைக்கு வர்ற தம்பிங்க, பிஜில கூட இருக்குறவங்க, சொந்தக்காரங்க எல்லாருமே ஷூ சட்டை வாங்குறப்ப எனக்கு போன் போடுறாங்க. நான் பொம்மனஹள்ளி பக்கம் கார்மெண்ட்ஸ்ல க்வாலிட்டி செக்கிங் பார்க்கிறவன், மச்சான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில இருக்காரு, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் விஷயம் தெரியும். கேள்வி எல்லாம் சுத்தி சுத்தி அதேதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வறண்டு போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன்.

ப்ரோ நான் காலேஜ்ல இருந்து 8 தான் போடுறேன், இப்ப எல்லா ஷூவும் டைட்டா தெரியுது, என் சைஸ் உண்மையிலேயே என்ன?

காலேஜ்ல அளந்த கால் இப்ப அதே கால் இல்லைங்க. வயசாக ஆக, வெயிட் ஏற ஏற பாதத்தோட வளைவு கொஞ்சம் தளரும், கால் நீளமும் அகலமும் லேசா கூடும், இது எல்லாருக்கும் நடக்குறதுதான். வீட்டுலயே அளந்துக்கலாம். தரையில ஒரு பேப்பரை சுவத்தோட ஒட்டி வச்சு, குதிகால் சுவத்துல முட்டுற மாதிரி ஏறி நில்லுங்க, நீளமான விரல் எங்க முடியுதோ அங்க கோடு போடுங்க. சில பேருக்கு கட்டை விரலை விட ரெண்டாவது விரல் நீளம், அப்ப அதைத்தான் கணக்குல எடுக்கணும். உக்காந்துகிட்டு அளக்காதீங்க, உடம்பு வெயிட் கால்ல இறங்குனாத்தான் பாதம் விரியும். சாயங்காலம் அளங்க, பகல் பூரா நின்னு நடந்து கால் லேசா வீங்கி இருக்கும், அந்த அளவுதான் வேணும்.

ரெண்டு காலையும் அளக்கணும், முக்கால்வாசி பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்கணும். அப்படியே அளவு டேப்பை எடுத்து விரல் ஆரம்பிக்கிற இடத்துக்கு கீழ, பாதத்துல அகலமான இடம் இருக்குல்ல, அதை சுத்தி எவ்வளவுன்னு பார்த்து அதையும் போன்ல நோட் பண்ணி வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

ஒரு கம்பெனில 8 சரியா இருக்கு, இன்னொன்னுல 9 போட வேண்டியிருக்கு, இவங்க நம்மள ஏமாத்துறாங்களா?

ஏமாத்தல, ஆனா குழப்புறாங்க. நம்ம ஊர் கடையில எழுதியிருக்குற நம்பர் யூகே சைஸ். அதுல ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஒரு இஞ்ச்ல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். யூரோ சைஸ்ல ஒரு படி 6.7 மில்லிமீட்டர் தான். ரெண்டும் வேற வேற அளவுகோல், அதனால மாத்தும்போது ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பக்கம் ரவுண்ட் பண்ணுது. நைக்கில யூகே 8-ன்னா யூஎஸ் 9, அடிடாஸ்ல அதே யூகே 8-க்கு யூஎஸ் 8.5 போட்டிருப்பான்.

இது போக லாஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஷூவை எந்த அச்சு மேல இழுத்து தைக்கிறாங்களோ அந்த கால் வடிவ கட்டைக்குத்தான் லாஸ்ட்னு பேரு. கட்டை ஒல்லியா இருந்தா ஷூவும் ஒல்லி, நம்பர் என்ன போட்டிருந்தாலும் சரி. அதனால ஸ்போர்ட்ஸ் ஷூ லேபிள்ல சென்டிமீட்டர்னோ ஜப்பான் சைஸ்னோ 26.5, 27 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாருங்க. நீங்க பேப்பர்ல அளந்ததோட ஒப்பிட அதுதான் லேசு.

நீளம் பர்ஃபெக்ட், ஆனா சுண்டு விரல் பக்கம் உயிர் போகுது. ஒரு சைஸ் பெருசா எடுத்தா சரியாயிடும்ல?

இதான் நம்மாளுங்க செய்ற முதல் வேலை. அகலம் பத்தலைன்னா நீளத்தை கூட்டுறது. கூட்டினா சுண்டு விரல் தப்பிக்கும், ஆனா ஷூ மடங்குற இடம் உங்க கால் மடங்குற இடத்துல இருக்காது, குதிகால் ஆடும், நடக்கும்போது விரலை சுருக்கி ஷூவை பிடிச்சுக்கிட்டே நடப்பீங்க, ராத்திரி கெண்டைக்கால் வலிக்கும், அது ஷூவாலன்னே தெரியாது.

நமக்கு கால் அகலம்ங்கிறது மனப்பிரமை இல்ல. சென்னை அடையாறுல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல கால் அளந்தாங்க. இந்தியக் காலு ஐரோப்பா, அமெரிக்கா காலை விட அகலம்னு அதுல வந்துச்சு, அதை வச்சு நமக்குன்னே 'பா'ங்கிற பேர்ல தனி சைஸ் முறையும் தயார் பண்ணியிருக்காங்க. நாம இவ்வளவு நாள் வெள்ளைக்காரன் கட்டையில தச்ச ஷூவுக்குள்ள காலை திணிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

இப்போதைக்கு வழி, வைட் ஃபிட் கேக்குறது. ஸ்போர்ட்ஸ் ஷூல 2ஈ, 4ஈ-ன்னு போட்டிருந்தா அகலம், ஆம்பளைங்களுக்கு வழக்கமான அகலத்தை டி-ன்னு போடுவாங்க. ஃபார்மல்ஸ்ல முன்பக்கம் கூரா இருக்குறதை தொடவே வேணாம், வட்டமா இல்ல சதுரமா இருக்குறதை எடுங்க. பிரிகேட் ரோட்டுல பெரிய ஷோரூம்லயே கேட்டா பல பேருக்கு தெரியாது, "சார் ஒன் சைஸ் பிக்"னு தான் எடுத்துட்டு வருவாங்க. வேணாம்னு சொல்லிட்டு வெளிய வந்துடுங்க.

கடைக்காரர் "போடப் போட லூசாயிடும் சார்"ங்கிறார். உண்மையா பொய்யா?

கால்வாசி உண்மை. நல்ல தோலா இருந்தா அகலத்துல கொஞ்சம் இளகும், மேல்பக்கம் உங்க கால் வடிவத்துக்கு வளைஞ்சு குடுக்கும். நீளத்துல ஒரு நூல் கூட கூடாது. கட்டை விரல் முன்னாடி முட்டுதுன்னா அது இன்னைக்கும் முட்டும், அடுத்த தீபாவளிக்கும் முட்டும். ரெக்சின், பியூ (பாலியூரித்தேன்) மாதிரி செயற்கை மெட்டீரியலா இருந்தா அகலமும் கூடாது, வெடிக்கத்தான் செய்யும்.

என் கணக்கு இதுதான், ஷூவோ சட்டையோ, பின்னாடி மாத்த முடியாதது எதுவோ அதை முதல்ல பாருங்க. ஷூல அது நீளமும் முன்பக்க அகலமும். மத்ததை லேஸ், சாக்ஸ், இன்சோல் (ஷூ உள்ள பாதத்துக்கு அடியில இருக்குற மெத்தை) வச்சு சமாளிக்கலாம். சட்டையில எதுன்னு கீழ வரும்.

கடையில போட்டுப் பார்க்கும்போது நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கு வந்தா கடிக்குது. கடையில என்னதான் செக் பண்றது?

கடையில நீங்க நடக்குறது மெத்து மெத்துன்னு கார்பெட் மேல, அதுவும் பத்தடி. முதல்ல கார்பெட்டை விட்டு டைல்ஸ்ல நடங்க, படி இருந்தா ஏறி இறங்குங்க, முக்கியமா இறங்குங்க. இறங்கும்போது கால் முன்னாடி வழுக்கி விரல் முட்டுதான்னு தெரிஞ்சுடும். ஆபீஸுக்கு என்ன சாக்ஸ் போடுவீங்களோ அதையே போட்டுட்டு போங்க, கடையில குடுக்குற நைலான் சாக்ஸ்ல எல்லா ஷூவும் நல்லாத்தான் ஏறும்.

இன்சோல் கழட்டுற மாதிரி இருந்தா வெளிய எடுத்து கீழ போட்டு அது மேல ஏறி நில்லுங்க. விரலுக்கு முன்னாடி ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கணும். பக்கவாட்டுல பாதம் இன்சோலை விட்டு வழிஞ்சு வெளிய நின்னா ஷூ அகலம் பத்தாது, அவ்வளவுதான், இதுக்கு மேல ஒரு டெஸ்ட்டும் தேவையில்ல. சேல்ஸ் பையன் மேல இருந்து கட்டை விரலால அமுக்கி பார்ப்பான்ல, அதை நம்பாதீங்க. அவன் அமுக்கும்போது நீங்க தன்னால விரலை உள்ள இழுத்துக்குவீங்க, இடம் இருக்குற மாதிரியே தெரியும்.

குதிகால் மட்டும் ஏறி ஏறி இறங்குது, பின்னாடி தோல் உரிஞ்சு போச்சு

புது லெதர் ஷூல சோல் விறைப்பா இருக்குற வரைக்கும் லேசா ஏறி இறங்கும், சோல் வளைய ஆரம்பிச்சா போயிடும். ஆனா விரலே உள்ள போற அளவு கேப் இருந்தா ஷூ உங்களுக்கு பெருசு. ஸ்போர்ட்ஸ் ஷூல மேல கணுக்கால் பக்கத்துல கடைசியா ஒரு ஓட்டை சும்மாவே இருக்கும், யாரும் லேஸ் கோக்க மாட்டாங்க. அதுக்குள்ள லேஸை அதே பக்கமா விட்டு சின்ன வளையம் பண்ணி, எதிர் பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுத்து கட்டுங்க, குதிகால் அசையாது.

லோஃபர்ல லேஸ் கிடையாது, அதுல ஆடுச்சுன்னா வழியே இல்ல, வாங்காதீங்க.

ஷூ மேல பக்கம் அழுத்துது, லேஸ் கட்டினா பாதத்து மேல கோடு விழுது

உங்களுக்கு பாத மேடு உசரம். ஃபார்மல் ஷூல ரெண்டு வகை இருக்கு. ஆக்ஸ்ஃபோர்ட்ல லேஸ் ஓட்டை இருக்குற ரெண்டு பட்டையும் முன் தோலுக்கு அடியில தச்சிருக்கும், V வடிவுல மூடிக்கும், விரியாது. டெர்பில அந்த பட்டை மேல தச்சிருக்கும், கதவு மாதிரி ரெண்டு பக்கமும் திறக்கும். உங்களுக்கு டெர்பிதான். ஆபீஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான், யாரும் குனிஞ்சு பார்த்து கேக்கப் போறதில்ல.

ஒரிஜினல் லெதரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நெருப்பு வச்சுப் பார்க்கலாமா?

கடைக்காரன் அடிப்பான். நெருப்பெல்லாம் வேணாம், ஷூ உள்ள ஒட்டியிருக்குற குட்டி ஸ்டிக்கரையோ அடி சோலையோ பாருங்க, ஏற்றுமதிக்கு தயாரானதா இருந்தா படம் போட்டிருக்கும். விரிச்சு போட்ட மாட்டுத்தோல் வடிவம் இருந்தா தோல். அந்த தோல் வடிவத்துக்குள்ள ஒரு சின்ன டைமண்ட் இருந்தா பூச்சு பூசின தோல். வெறும் டைமண்ட் மட்டும்னா தோலே இல்ல, வேற மெட்டீரியல். வலை பின்னுன மாதிரி இருந்தா துணி. மேல்பாகம், உள் லைனிங், அடி சோல் மூணுக்கும் தனித்தனியா படம் இருக்கும், மேல தோல் போட்டு உள்ள பூரா ரெக்சின் அடிச்சிருப்பான், அதையும் பாருங்க. என்னைக் கேட்டா உள் லைனிங் தோலா இருக்குறதுதான் காலுக்கு முக்கியம், வேர்வையை அதுதான் இழுக்கும்.

படம் இல்லைன்னா ஷூவை முன்பக்கம் மடக்கிப் பாருங்க. தோல்ல பொடிப் பொடியா ஒழுங்கில்லாத சுருக்கம் விழும், ரெக்சின்ல ஒரே கோடா மடங்கும்.

சட்டையில 40-ன்னு போட்டிருக்கே, அது என்ன 40? நெஞ்சா கழுத்தா?

நல்ல கேள்வி, பாதி கடைக்காரங்களுக்கே தெரியாது. ஃபார்மல் சட்டையில 38, 39, 40, 42, 44-ன்னு வர்றது காலர் சுற்றளவு, சென்டிமீட்டர்ல. டீ-ஷர்ட், குர்தாவுல 40-ன்னா நெஞ்சு, இஞ்ச்ல. தற்செயலா நம்ம ஊர் உடம்புக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்து வர்றதால வண்டி ஓடுது. கழுத்து தடியா உடம்பு ஒல்லியா இருக்குறவங்களுக்கும், ஜிம் போய் நெஞ்சு ஏத்தினவங்களுக்கும்தான் இடிக்கும்.

டை கட்டாத ஆளா இருந்தா காலரை பத்தி ரொம்ப கவலை வேணாம், மேல் பட்டன் எப்படியும் திறந்துதான் இருக்கும். டை கட்டணும்னா பட்டன் போட்டு ரெண்டு விரல் உள்ள போகணும், எச்சில் முழுங்கும்போது தொண்டையில உரசக்கூடாது.

சட்டை ஃபிட் கரெக்டா இருக்குன்னு எதை வச்சு சொல்றது? எனக்கு கண்ணாடியில பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது

தோள். கையும் உடம்பும் சேர்ற தையல் உங்க தோள்பட்டை எலும்பு முடியுற இடத்துல உக்காரணும். கழுத்துப் பக்கம் ஏறி வந்தா சின்னது, கையில இறங்கி தொங்கினா பெருசு. மேல சொன்ன 'மாத்த முடியாதது' சட்டையில இதுதான். தோளை இறக்கணும்னா கையை முழுசா பிரிச்சு வெட்டி திரும்ப ஏத்தணும், செய்ற டெய்லரும் கம்மி, செஞ்சாலும் ஆம்ஹோல், அதாவது கை சேர்ற வட்டம், கோணிக்கும்.

தோள் சரின்னா அடுத்து பட்டன் எல்லாம் போட்டுட்டு உக்காருங்க. ட்ரையல் ரூம்ல எல்லாரும் நின்னுகிட்டே பார்க்குறாங்க, ஆபீஸ்ல ஒன்பது மணி நேரம் உக்காந்துதானே இருக்கோம். உக்காரும்போது வயித்துப் பட்டன் ரெண்டு பக்கமும் கோடு கோடா இழுத்து நடுவுல பனியன் தெரிஞ்சா டைட். முழுக்கைன்னா கையை தொங்க விட்டா கஃப் மணிக்கட்டு எலும்பை மூடணும், கையை மடக்கினா ரொம்ப மேல ஓடக்கூடாது.

பஸ்ல மேல கம்பிய பிடிச்சா டக் இன் பண்ண சட்டை மொத்தமா வெளிய வந்துடுது, நீளம் பத்தலையா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, நீளமான சட்டை தேடுறாங்க. பிரச்சனை அக்குள்ல. ஆம்ஹோல் பெருசா கீழ இறங்கி இருந்தா, கையைத் தூக்கும்போது கை மட்டும் வராது, கூடவே சட்டையோட சைடு முழுக்க மேல வரும். ஆம்ஹோல் அக்குளுக்கு கிட்ட, சின்னதா இருந்தா கை தனியா தூக்கும், உடம்பு அப்படியே இருக்கும். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா அக்குள்ல டைட்டா இருக்குற சட்டைதான் கையை நல்லா தூக்க விடும். நெரிக்காம பார்த்துக்கணும், அவ்வளவுதான். கார்மெண்ட்ஸ்ல ஆம்ஹோலை பெருசா வைக்கிறதுக்கு காரணமே ஒரு சட்டையை பல உடம்புக்கும் ஏத்தணும்ங்கிறதுதான்.

பைக் ஓட்டுறவங்க இன்னொண்ணும் பாருங்க. ட்ரையல் ரூம்ல ரெண்டு கையையும் ஹேண்டில் பிடிக்கிற மாதிரி முன்னாடி நீட்டுங்க, முதுகு நெட்டு முறியுற மாதிரி இழுத்தா முதுகுல ப்ளீட் வச்ச சட்டையா கேளுங்க, நடுவுல பெட்டி மடிப்போ தோள் பக்கம் ரெண்டு சைடு மடிப்போ இருக்கும். சில்க் போர்டு ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் அதே போஸ்ல உக்காரணும்ல.

அண்ணா எனக்கு தொப்பை. 42 எடுத்தா தோள் தொங்குது, 40 எடுத்தா பட்டன் தெறிக்குது. நான் என்னதான் போடுறது?

தம்பி, இது உன் தப்பு இல்ல, ஸ்லிம் ஃபிட் தப்பு. அதே 40-ல ஸ்லிம், ரெகுலர்னு ரெண்டு இருக்கும், சில கம்பெனில கம்ஃபர்ட்னு மூணாவதும் இருக்கும். காலரும் தோளும் கிட்டத்தட்ட ஒண்ணு, இடுப்புலதான் இஞ்ச் கணக்குல வித்தியாசம். ஷோரூம்ல கண்ணுக்கு முன்னாடி தொங்குறது முக்காலும் ஸ்லிம்தான், ரெகுலர் கீழ ரேக்குல மடிச்சு கிடக்கும், கேட்டு வாங்கணும். முதுகுல ரெண்டு டார்ட் (உடம்போட ஒட்ட துணியை மடிச்சு தைக்கிற தையல்) பிடிச்சு தச்சிருக்கான்னு பாரு, அதை மட்டும் பிரிச்சு விட்டாலே சுத்தி கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அதுவும் பத்தலைன்னா தச்சுக்குறதுதான் நல்லது. தோள் 40-க்கு, வயிறு 42-க்கு டெய்லர் வெட்டிக் குடுப்பார், ரெடிமேட்ல இது நடக்காது.

எதை ஆல்டர் பண்ணலாம், எதை பண்ண முடியாது?

சைடு பிடிக்கலாம், நீளம் குறைக்கலாம், முழுக்கையை அரைக்கை ஆக்கலாம், கஃப் பிரிச்சு கை நீளம் குறைக்கலாம். தோள், காலர் முடியாது. சின்னதை பெருசாக்குறது பெரும்பாலும் நடக்காது, உள்ள அவ்வளவு துணி விட்டிருக்க மாட்டான். அதனால சந்தேகமா இருந்தா தோள் சரியா இருக்குறதுல லூசானதை எடுங்க.

என்ன துணி எடுக்கிறது? காட்டன் கசங்குது, மத்தது வேர்க்குது

பெங்களூரு வெயில் சென்னை வெயில் இல்லைங்கிறதால இங்க பாலியஸ்டர் கலந்ததும் ஓரளவு தாங்கும். ஆனா பாலியஸ்டர்ல வேர்வை நாத்தம் ஒட்டிக்கும், துவைச்சாலும் அக்குள் பக்கம் லேசா இருந்துகிட்டே இருக்கும், மெட்ரோல பக்கத்துல நிக்கிறவர் பாவம். சுருங்காத காட்டன்னு விக்கிறாங்கல்ல, அது காட்டன் மேல ரெசின்ங்கிற கெமிக்கல் ஏத்தி பண்றது. இஸ்திரி மிச்சம், ஆனா காத்து போறது குறையும், கொஞ்சம் விறைப்பாவும் இருக்கும், துவைக்க துவைக்க அந்த குணமும் போயிடும். லினன் கசங்குறது அதோட அழகுன்னு சொல்றவங்க சொல்லட்டும், மீட்டிங் இருக்குற அன்னைக்கு எனக்கு ஒத்து வராது.

துணிக்கடையில 40, 60, 100 கவுண்ட்னு சொல்வாங்க, நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. 100 கவுண்ட் தொட்டா வழவழன்னு இருக்கும், விலையும் இருக்கும், ஆனா தினம் போட்டு தினம் துவைச்சா காலர் மடிப்புல சீக்கிரம் நைஞ்சுடும். தினப்படிக்கு 50, 60 போதும். வெள்ளைச் சட்டை உள்ள தெரியுதேன்னா வெள்ளை பனியன் போடாதீங்க, அதுதான் பளிச்சுனு தெரியும், சாம்பல் கலரோ தோல் கலரோ போடுங்க.

ரெடிமேட் ஒத்தே வரல, தைக்க குடுக்கலாம்னு இருக்கேன். துணி எவ்வளவு, டெய்லர்கிட்ட என்ன சொல்றது?

58 இஞ்ச் பன்னா (துணியோட அகலம்) துணின்னா முழுக்கைக்கு 1.6 மீட்டர், 36 இஞ்ச் பன்னான்னா இரண்டேகால் மீட்டர், ஆள் உசரமா குண்டா இருந்தா கூட கொஞ்சம். காட்டன் பிட்டை ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு காயவச்சு அப்புறம் தைக்கக் குடுங்க, சுருங்குறது எல்லாம் முன்னாடியே சுருங்கிடட்டும்.

உங்ககிட்ட இருக்குறதுல நல்லா உக்கார்ற சட்டையை அளவு சட்டையா கொண்டு போங்க, ஆனா அதை மட்டும் குடுத்துட்டு வந்துடாதீங்க, உடம்புலயும் அளவு எடுக்கச் சொல்லுங்க. டேப் வைக்கும்போது வயித்தை எக்காதீங்க, எல்லாரும் எக்குறோம், அப்புறம் சட்டை டைட்டுன்னு டெய்லரை திட்டுறோம். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழ் பேசுற டெய்லர் நிறைய பேர் இருக்காங்க, மத்த ஏரியாவுல கன்னடத்துல "ஸ்வல்ப லூஸ் இரலி"ன்னு (கொஞ்சம் லூசா இருக்கட்டும்) சொன்னா போதும். ஆம்ஹோல் மேல தூக்கி வைக்கச் சொல்லுங்க, காலருக்கு உள்ள வைக்கிற விறைப்புத் துணி, கேன்வாஸ், நல்லதா போடச் சொல்லுங்க, மட்டமானதா இருந்தா நாலு இஸ்திரில காலர் கொப்பளம் கொப்பளமா கிளம்பிடும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி போய் நிக்காதீங்க.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் சர்ப்ளஸ் (ஏற்றுமதில மிஞ்சின சட்டை), ஆம்பூர் ஷூ கடை எல்லாம் நம்பி வாங்கலாமா? சீப்பா இருக்கே

வாங்கலாம், கண்ணை திறந்து வச்சுகிட்டு. ஏற்றுமதி சட்டையில லேபிளை பாதி வெட்டியிருப்பாங்க. அமெரிக்கா சட்டைன்னா 15½, 34/35-ன்னு ரெண்டு நம்பர் இருக்கும், முதல் நம்பர் காலர் இஞ்ச்ல, நம்ம 39-40 கிட்ட வரும். ரெண்டாவது கை நீளம், பின்கழுத்து நடுவுல இருந்து தோள் வழியா மணிக்கட்டு வரைக்கும் அளக்குறது, அதைப் பார்த்து பயந்துடாதீங்க. பொதுவா அவங்க சட்டையில கை நமக்கு நீளமா வரும், கஃப்ல குறைச்சுக்கலாம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை, நூல் இழுத்தது, ரெண்டு கைக்கும் கலர் வித்தியாசம் பாருங்க. எங்க டேபிள்ல நான் ரிஜெக்ட் பண்றது முக்காலும் இந்த மூணுக்குத்தான்.

ஊருக்கு போறப்ப கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் ரோட்டுல ஷூ கடைங்க வரிசையா இருக்கு. பிரியாணி சாப்பிட்டுட்டு சைடுல போறதுதானேன்னு அவசரமா வாங்குவாங்க. அங்க பெட்டியில இருக்குற நம்பர் யூகேவா யூஎஸ்ஸான்னு கேளுங்க. ரெண்டு ஷூவும் ஒரே சைஸான்னு உள்ள பாருங்க, சிரிக்காதீங்க, ஜோடி மாறி வர்றது சகஜம். தட்டையான இடத்துல வச்சு பின்னாடி இருந்து பாருங்க, குதிகால் ரெண்டும் நேரா நிக்கணும். அங்க வாங்கினா மாத்துறதுக்கு திரும்ப போக முடியாதுங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

ஆன்லைன்ல வாங்குறேன், ரிட்டர்ன் இருக்குல்ல, அப்புறம் என்ன?

ரிட்டர்ன் இருக்கு, சோம்பேறித்தனமும் இருக்கே. சைஸ் சார்ட்ல உடம்பு அளவா சட்டை அளவான்னு பாருங்க, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நெஞ்சு 40 உடம்பு அளவுன்னா சட்டை 44 கிட்ட இருக்கும், நாலு இஞ்ச் இடம் வேணும். சட்டை அளவே 40-ன்னா உங்களுக்கு அது பனியன். உங்க நல்ல சட்டையை கட்டில்ல விரிச்சு பட்டன் போட்டு அக்குளுக்கு அக்குள் அளந்து ரெண்டால பெருக்கி வச்சுக்கோங்க.

ஷூ வந்தா சாயங்காலம், வீட்டுக்குள்ள பாய் மேலயோ பெட்ஷீட் மேலயோ அரை மணி நேரம் போட்டு நடங்க. அடி சோல்ல மண் ஒட்டினா திருப்பி எடுக்க மாட்டாங்க.

மழையில நனைஞ்சு போச்சு, கூடவே பைக் கியர் போட்டு இடது ஷூ முன்னாடி கருப்பா தேஞ்சு கிடக்கு

நனைஞ்ச ஷூவை ஃபிரிட்ஜ் பின்னாடி, ஹேர் ட்ரையர் முன்னாடியெல்லாம் வைக்காதீங்க, தோல் வறண்டு வெடிச்சுடும். இன்சோலை வெளிய எடுத்துட்டு பழைய தினத்தந்தியை கசக்கி உள்ள திணிங்க, ஈரமானதும் பேப்பரை மாத்துங்க, நிழல்ல காயட்டும். ஒரே ஷூவை தினம் போடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா உள்ள வேர்வை காய நேரம் கிடைக்கும், நாத்தமும் பாதி குறையும்.

கியருக்கு ரப்பர் உறை விக்குது, லிவர்ல மாட்டுறதும் இருக்கு, ஷூ மேல மாட்டுறதும் இருக்கு. இல்லைன்னா பைக்ல போக ஒரு பழைய ஷூ, நல்ல ஷூ ஆபீஸ் டெஸ்க் கீழ.

கல்யாணத்துக்கு வாங்கின ஷூ நாலு வருஷமா பெட்டியிலேயே இருந்துச்சு, ரிசப்ஷனுக்கு போட்டுட்டு போனா அடி சோல் பிஸ்கட் மாதிரி உதிருது! போடவே இல்லையே?

போடாததுதான் காரணம். அது பியூ சோல். காத்துல இருக்குற ஈரப்பதம் பட்டு பட்டு அந்த மெட்டீரியல் உள்ளுக்குள்ளயே அழிஞ்சுகிட்டு வரும், நடந்தாலும் நடக்காட்டியும். மூடின பெட்டியில ஈரம் தங்குனா இன்னும் மோசம். ஒட்ட முடியாது, மேல் தோல் நல்லா இருந்தா ரிப்பேர் கடையில வேற ரப்பர் சோல் போட முடியுமான்னு கேக்கலாம். எப்பவாவது போடுற ஷூன்னா ரப்பர் சோலோ தோல் சோலோ உள்ளதா வாங்குங்க. ரிசப்ஷனுக்கு முந்தின நாளே எடுத்து சோலை கையால வளைச்சுப் பாருங்க.

அப்பாவுக்கு சுகர், ஊர்ல இருந்து வந்திருக்கார், வாக்கிங் போக ஷூ வாங்கணும். "எனக்கு ஒண்ணும் கடிக்கல"ங்கிறார், அதையே வாங்கிடவா?

வேணாம், இங்க அவர் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ரொம்ப நாள் சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், கடிச்சாலும் தெரியாது, புண்ணு வந்து ரத்தம் சாக்ஸ்ல பட்ட பிறகுதான் தெரியும். அதுவும் உணர்ச்சி குறைஞ்சவங்க டைட்டான ஷூவைத்தான் நல்லா பிடிக்குதுன்னு எடுப்பாங்க. அதனால மேல சொன்ன பேப்பர் அளவும் இன்சோல் டெஸ்ட்டும்தான் பேசணும், அவர் வாய் இல்ல. உள்ள தையல் தடிப்பு இல்லாம, முன்பக்கம் அகலமா, லேஸோ ஒட்டுற பட்டையோ வச்சதா எடுங்க. வீட்டுக்குள்ள நடக்க எம்.சி.ஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்ங்கிற மெத்து ரப்பர்) செருப்பு, பின்பட்டி உள்ளது.

புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, கழட்டினதும் நீங்களே பாதத்தை பாருங்க, சிவந்திருந்தா அந்த ஷூ வேணாம். தினமும் போடுறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டு கல்லு கில்லு இருக்கான்னு பார்க்கணும். ஏற்கனவே புண்ணு, ஆணி, விரல் வளைஞ்சு இருந்தா கடைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பார்த்து வாங்கினேன், ஆனாலும் ஒரு கால்ல மட்டும் கடிக்குதே?

எந்த கால்னு பாருங்க. சின்ன காலா இருந்தா ஷூ அதுல லூஸ், உரசி கடிக்குது, அந்த ஒரு ஷூக்குள்ள மட்டும் மெலிசா ஒரு இன்சோல் போடுங்க. பெரிய காலா இருந்தா, லெதர்னா ரிப்பேர் கடையில ஸ்ட்ரெச்சர் கட்டை வச்சு ரெண்டு நாள் வைக்கச் சொன்னா அகலத்துல கொஞ்சம் விட்டுக்குடுக்கும். ரெக்சின்னா இல்ல நீளத்துல முட்டுதுன்னா பில்லை எடுத்துகிட்டு கடைக்கு போயிடுங்க, பெரும்பாலும் வெளிய போடாம இருந்தாத்தான் மாத்திக் குடுப்பாங்க, அதனால கடிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு "இன்னும் ஒரு நாள் போட்டுப் பார்ப்போம்"னு ரோட்டுல இறங்காதீங்க.